மீதி ஆயில்

அவர் ஒரு வண்டியைப் பார்த்துக் கொடுத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கையைப் பழைய வேட்டித்துணியில் துடைத்துக்கொண்டே, "இப்போதைக்கு ஓடும். ஓட்டிட்டு வந்து சொல்லும்வே," என்பார். ஓட்டிவிட்டு வந்து சொல்லாத டிரைவரைத் தேடிக்கொண்டு அவரே போவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிகள் நிற்கிற இடத்திலோ டீக்கடையிலோ பிடித்துவிடுவார். சில சமயம் அந்த ஆளின் வீட்டு வாசலிலேயே போய் நின்று, "அந்தச் சத்தம் இன்னும் கேக்கா?" என்று விசாரிப்பார்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் தகரம் போட்ட பட்டறை. போர்டு கிடையாது. லாரிக்காரர்கள் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான். அவருடைய பெயரை எழுத மனசு வரவில்லை. அண்ணாச்சி என்றே இருக்கட்டும்.

எங்களிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. பழைய வண்டி. என் வீட்டுக்காரர் ஓட்டுவார். பூ மார்க்கெட்டிலிருந்து செங்கோட்டை வழியாக மலையேறி கேரளாவுக்குப் பூ கொண்டுபோவார். திரும்பும்போது ரப்பர் மரத்தடியோ பலகையோ, கிடைத்த லோடு. நான் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் பூவை எடை போட்டு மூட்டை கட்டுகிறவள். இன்றும் அதே வேலைதான். வண்டி பட்டறையில் நிற்கிற நாட்களில் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அப்படித்தான் அண்ணாச்சி எனக்குப் பழக்கம்.

பட்டறைக்குள் நுழைந்தால் டீசல் வாசத்தோடு ஊதுபத்தி வாசமும் வரும். முதலில் சாமி படத்துக்கு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு இஞ்சினுக்குள் தலையை விடுகிற ஆள் என்று. இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்கிற இடங்களில் எல்லாம் புகையைக் காட்டிக்கொண்டே வருவார். புகை நேராக மேலே போனால் அடுத்த இடம். ஏதோ ஒரு இடத்தில் புகை திரும்பி, நூல் மாதிரி மெலிந்து, குழாய்க்குள் போகும். "அங்கன இருக்கான் பாரு கள்ளன்," என்பார். அங்கே காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் அடிக்கிற காற்றுக்குப் புகை நிற்காது. தார்ப்பாயை நாலு பக்கமும் கட்டிவிட்டு உள்ளே புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரோட்டில் போகிறவர்கள் லாரிக்கு ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள்.

"ஒரு சாமான் குறையுதுன்னா அது எங்கனயாவது போயிருக்கணும்லா தாயி. இல்லாமப் போயிராதுல்லா," என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். அவர் மனசு இயங்கியதே அந்த ஒரு கேள்வியில்தான். எங்கே போகிறது?

எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு ஏதோ சாமான் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அடுப்படியிலிருந்து கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை வீணாக எரிய விடுகிறேனாம். அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சோப்பு இருக்கா?" என்று கேட்டார். துணி துவைக்கிற சோப்பை நுரை பொங்கக் கரைத்து, சிலிண்டர் வாயிலும் டியூபிலும் தடவினார். டியூப் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வீட்டுக்குள்ள பச்சப்பிள்ள தூங்குது. இதை யாருமே பாக்கலையா?" என்று சத்தம் போட்டார். என் மகள் அப்போது கைக்குழந்தை. புது டியூப் வாங்கி மாட்டிவிட்டுத்தான் போனார். அத்தைக்கு அன்றிலிருந்து அவர்மேல் தனிப் பிரியம். எனக்கும் நல்ல பேர் கிடைத்தது.

எல்லாக் கண்டுபிடிப்பும் அப்படி முடியவில்லை. குருவிகுளம் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற கோனார் ஒருவர் பட்டறைக்கு எதிரே இருந்த காட்டில் கிடை போட்டிருந்தார். அவருடைய ஆடுகள் ஒன்றொன்றாகக் குறைந்தன. நரி என்றார்கள், களவு என்றார்கள். அண்ணாச்சிக்கும் ஆட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பட்டறையை அடைத்துவிட்டு சந்தை சந்தையாகப் போய் விசாரித்தார். விற்றது அந்தக் கோனாரின் மூத்த மகன்தான் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து, அதை அப்படியே அந்த மனிதரிடம் சொல்லிவிட்டார். அதோடு தகப்பனும் மகனும் பேச்சை விட்டார்கள். "சொல்லாம இருந்திருக்கலாம்லா அண்ணாச்சி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கண்டுபிடிச்ச பொறவு எப்படிவே சொல்லாம இருக்கது?" என்று திருப்பிக் கேட்டார்.

எங்கள் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால். தினமும் காலையில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் முந்தின நாள் ஊற்றிய ஆயிலில் குறைவு தெரியும். வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. அண்ணாச்சி என்னிடம் வெள்ளை வேட்டி ஒன்று கேட்டு வாங்கி, வண்டிக்கு அடியில் விரித்துப் போட்டார். மறுநாள் அது வெள்ளையாகவே கிடந்தது. ஆயில் எரிந்துபோனால் புகை நீலமாக வரும் என்பார்கள். பின்னால் போய் நின்று பார்த்தார். நீலமும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கோடு நான் போகும்போதெல்லாம் அவர் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார்.

கடைசியில் தார்ப்பாயைக் கட்டி ஊதுபத்தி கொளுத்தினார். புகை ஒரு குழாயின் இணைப்பில் உள்ளே போனது.

அது என்ன குழாய் என்று நான் கேட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும். "பிரேக்குக்கு உள்ளதாக்கும். இவ்வளவு பெரிய வண்டியை ஒத்தக் காலால மிதிச்சு நிறுத்த முடியுமா? அதுக்கு ஒத்தாச வேணும். இஞ்சின்ல ஒரு பம்பு இருக்கு. அது ஒரு டேங்குல இருக்க காத்தை எல்லாம் உறிஞ்சி வெளிய தள்ளிரும். உள்ள ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாததுதான் நாம மிதிக்கும்போது கூடச் சேந்து இழுத்துக் குடுக்கும். அதான் வேக்கம். அந்தப் பம்பு தேயாம ஓட இஞ்சின் ஆயில்தான் போகுது. அதனால காத்து ஒழுகினா ஆயிலும் கூடவே போகும்."

ஒன்றுமில்லாததைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு லாரி நிற்கிறது என்பது அன்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து அத்தையிடம்கூடச் சொன்னேன்.

குழாயை மாற்றினார், பம்பில் சீல் மாற்றினார். பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. ஆயில் குறைவதும் மட்டுப்பட்டது. என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். அண்ணாச்சி மட்டும் அளவுக்கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையாக நின்றார்.

"இந்த ஒழுக்குக்கு அவ்வளவு ஆயில் போவாது மக்கா. கணக்கு இடிக்கி. மீதி எங்கன போச்சு?"

"அண்ணாச்சி, ஓணம் சீசன். மார்க்கெட்ல வாடாமல்லியும் செண்டுப்பூவும் மல மாதிரி கெடக்கு. இது முடியட்டும். வண்டியை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். நீங்க ஆற அமர நட்டு நட்டாப் பிரிச்சுப் பாருங்க."

அண்ணாச்சி என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி, போய்ட்டு வா. பிரேக் இறுக்கமா மிதிபட்டா அந்த இடத்துலயே வண்டியை ஓரங்கட்டிரு, என்ன?" என்று சாவியைக் கொடுத்தார்.

அண்ணாச்சி ஒரு கேள்வியைப் பாதியில் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஓணத்துக்கு முந்தின நாட்களில் என் வீட்டுக்காரர் கேரளாவுக்கும் ஊருக்குமாக ஓடிக்கொண்டே இருந்தார். பூவை இறக்கிவிட்டு ரப்பர் மரத்தடி ஏற்றிக்கொண்டு திரும்பிய ஒரு நாள் காலையில், கோட்டைவாசல் தாண்டி புளியரைக்கு இறங்குகிற மலைப்பாதையில், கீழ் வளைவில் லாரி பாறைச் சுவரில் மோதியது. வெயில் ஏறிய நேரம். அவர் அங்கேயே போய்விட்டார்.

பார்த்தவர்கள் லாரி வேகமாக வந்தது என்றார்கள். வேகமாக வந்தது என்றால் தூங்கியிருப்பான் என்று ஊரில் சொன்னார்கள். இறுதிக் காரியத்துக்கு வந்தவர்களில் சிலர் குடித்திருப்பான் என்று தெருமுனையில் நின்று பேசியது அத்தை காதில் விழுந்துவிட்டது. மகன் செத்ததற்கு அழுத அழுகை ஒன்று. இந்தப் பேச்சுக்கு அழுத அழுகை வேறு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஒரு மத்தியானம் அண்ணாச்சி வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாயி, அவன் தூங்கல."

சுவரில் சாய்ந்திருந்த அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போய் வண்டியைப் பாத்துட்டுத்தான் வாரேன். கேஸ் முடியுற வரைக்கும் மலையடிவாரத்து ஸ்டேஷன்ல நிப்பாட்டிருக்காவ. கியரு ரெண்டுல நிக்குது. மேல இருந்து இறங்கும்போதே குறைச்சிக்கிட்டே வாரான். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுக்கான், கம்பி அந்துபோற அளவுக்கு இழுக்கான். தூங்குறவன் ஹேண்ட் பிரேக்கை இழுப்பானா? குடிச்சவனுக்குக் கியர் குறைக்கத் தோணுமா?"

அத்தை எழுந்து போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இதை நாலு பேரு கேக்கச் சொல்லுய்யா. எம்பிள்ள குடிக்கலன்னு சொல்லு," என்று அழுதார். அண்ணாச்சி தெருவில் இறங்கி, எதிர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அதோடு குடிப்பேச்சு அடங்கியது. அத்தை அன்று ராத்திரி முதல் தடவையாக வயிறாரச் சோறு தின்றார்.

எனக்கு வேறு மாதிரி இருந்தது. தூங்கிவிட்டார் என்று ஊர் சொன்னபோது, அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கிறது. அது அன்றுதான் தெரிந்தது. தூக்கத்திலேயே போயிருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது அவர் விழித்துக்கொண்டார். கியரைக் குறைத்துக்கொண்டு, கம்பி அறுகிற வரைக்கும் இழுத்துக்கொண்டு, அந்த மலையில் இறங்கிக்கொண்டே இருந்தார்.

அண்ணாச்சி அதோடு நிற்கவில்லை. வண்டி ஸ்டேஷன் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் கிடந்தது. அங்கிருந்த ஜீப்பில் கோளாறு என்றால் அவரே பார்த்துக் கொடுத்துப் பழகிக்கொண்டார். அதனால் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்க்க அவரை விட்டார்கள். எதையும் கழற்ற மட்டும் அனுமதி இல்லை. வேலை இல்லாத நாள் பார்த்து பஸ் ஏறிப் போவார். போய்விட்டு வந்தால் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு தடவையும் ஒன்று கொண்டுவருவார்.

ஒரு தடவை, "ரெண்டு லைட்டும் எரிஞ்சிருக்கு தாயி," என்றார். பகலில் எதற்கு லைட் என்று நான் கேட்டேன். "கண்ணாடி உடைஞ்சு பல்புக்கம்பி வெளிய தெரியுது. எரியாத பல்புன்னா இடிச்ச உடனே கம்பி முறிஞ்சுரும். எரியுறதுன்னா சூட்டுல இளகி இருக்கும், இடிச்சா இழுபட்டு நீண்டுரும். நீண்டுருக்கு. எதுக்க வாரவனை ஒதுங்குன்னு சொல்லுதான். ஹாரன் அடிச்சிருப்பான், அது தெரியல. லைட்டைப் போட்டிருக்கான், அது தெரியுது."

இன்னொரு தடவை, "பிரேக் பெடல் வளைஞ்சிருக்கு," என்றார். "காலை எடுக்கவே இல்ல. ரெண்டு காலையும் வச்சு மிதிக்கான். எந்திரிச்சு நின்னு மிதிக்கான்."

அந்த நாளைப் பற்றிப் பேசும்போது அவருக்கு இப்படித்தான் வரும். வாரான், இழுக்கான், மிதிக்கான். எல்லாம் இப்போது நடக்கிற மாதிரி. அத்தை அதை எதிர்பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி வருவார் என்றால் காப்பிப்பொடி வாங்கி வைப்பார். அவர் சொல்வதைக் கேட்டால் மகன் எங்கோ வழியில் வந்துகொண்டிருக்கிற மாதிரி அத்தைக்கு இருந்தது என்று நினைக்கிறேன். பெடலைப் பற்றிச் சொன்ன நாளுக்குப் பிறகு என்னால் தையல் மிஷினில் காலை வைக்க முடியவில்லை. மிதிபலகையில் பாதம் பட்டதும் உடம்பெல்லாம் கூசும். மிஷினை மூடி, மேலே துணி போட்டு வைத்துவிட்டேன். இனிமேல் வராதீர்கள் என்று சொல்ல வாய் வரும். ஆனால் அவர் வராத மாதங்களில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததும் நான்தான்.

அவர் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "வாரேன் தாயி," என்று கிளம்பிவிடுவார்.

கேஸ் முடிந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்து என்ன செய்வது? காயலான் கடைக்குத்தான். அண்ணாச்சி வந்து, "வெட்டுறதுக்கு முன்னால நான் ஒண்ணு கழத்திப் பாக்கணும். நீயும் கூட நிக்கணும் தாயி," என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. என் கொழுந்தனும் நானும் அவரோடு போனோம்.

மோதிய பிறகு வண்டியை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. முன்பக்கமெல்லாம் உள்ளே போய், கோவைக்கொடி ஏறி, இஞ்சினுக்குள்ளிருந்து இலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காயலான் கடை ஆட்கள் வெட்டுகிற சிலிண்டரோடு ஒரு ஓரமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கீழே படுத்து, வண்டிக்கு அடியில் போனார். ஸ்பேனர் வழுக்குகிற சத்தமும் அவருடைய மூச்சும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு இரும்பு டேங்கோடு வெளியே வந்தார். காற்றை உறிஞ்சி ஒன்றுமில்லாமல் வைத்திருக்கும் என்று அன்று எனக்குச் சொல்லித்தந்தாரே, அந்த டேங்க்.

அதை என் முன்னால் வைத்து அடைப்பைத் திறந்து கவிழ்த்தார். ஆயில் கொட்டியது. கறுப்பாக, கெட்டியாக, நின்று நின்று, கொட்டிக்கொண்டே இருந்தது. மண்ணில் குளம் கட்டி, கொடியின் வேருக்குள் போனது. டேங்குக்கு அடுத்தபடியாக இருந்த, பிரேக்குக்கு உதவுகிற உருண்டையான பகுதியையும் கழற்றினார். அதற்குள் வட்டமாக ஒரு ரப்பர் இருந்தது. ஆயிலில் ஊறி, உப்பி, நடுவில் கிழிந்திருந்தது. அவர் விரலால் தொட்டதும் வெல்லப்பாகு மாதிரி இழுபட்டது.

"இங்கனதான் போயிருக்கு," என்றார்.

பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். "ஆயிலைத் திரும்ப உள்ள வரவிடாம ஒரு சின்ன வால்வு உண்டு. அது ஒட்டிப்போச்சு. ஒவ்வொரு தடவ வண்டியை நிப்பாட்டும்போதும் டேங்கு பம்புல கெடக்க ஆயிலை உறிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு. ரப்பர் ஊறி, மலையில வச்சுக் கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச பொறவு பிரேக் கல்லு மாதிரி ஆயிரும். ரெண்டு காலால மிதிச்சாலும் நிக்காது. அன்னைக்கு நான் குழாயை மாத்தினனே, பம்பு பக்கத்து முனையைத்தான் பாத்தேன். இந்த டேங்குப் பக்கத்து முனையில விரலை விட்டிருந்தா ஈரம் பட்டிருக்கும். விடல. மீதி எங்கனன்னு வாய் கேட்டுது. கை போவல. தப்பு எம்மேலதான் தாயி. முத நாள் கியரைப் பாத்தப்பமே எனக்குச் சந்தேகம். கழத்திப் பாக்காம எப்படிச் சொல்லன்னு இருந்தேன்."

கொழுந்தன் அவரை அடிக்கப் போனான். நான் குறுக்கே போகவில்லை, அவர் விலகவும் இல்லை. காயலான் கடை ஆள் ஒருவர்தான் வந்து பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. குனிந்து அந்த ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. கோபம் பிறகு வந்தது. மார்க்கெட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு காரணமும் இல்லாமல், சணல் கயிறு உள்ளங்கையை அறுக்கிற வரைக்கும் இழுத்துக் கட்டுவேன். யார்மேல் என்றுகூடத் தெரியாது. சீசன் முடியட்டும் என்று சொன்னவர்மேலா, சரி என்று சாவியைக் கொடுத்தவர்மேலா?

மறுநாள் அண்ணாச்சி எங்கள் தெருவுக்கு வந்தார். அவன் குடிக்கவில்லை என்று அன்று யாரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாரோ, அவர்களையே கூப்பிட்டு, "எம்மேலதான் தப்பு. நான் பாத்த வேலையிலதான் விட்டுப்போச்சு," என்று சொன்னார். அத்தை வாசலுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மெதுவான குரலில், "நீ வரும்போதெல்லாம் காப்பி போட்டுக் குடுத்தனே. குடிச்சியே," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாகிற வரைக்கும் அத்தை அவரைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் வீட்டில் காப்பி போடுவதும் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும், அதைத் தொடுவதற்கு முன்னால் அண்ணாச்சி நடந்ததைச் சொல்லிவிடுவாராம். "நான் இப்படி ஒண்ணை விட்டவன். யோசிச்சுக்கிட்டு விடும்," என்பாராம். பாதிப் பேர் யோசித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். வந்த வண்டிகளை அவர் திருப்பிக் கொடுக்க நாளானது. எல்லாக் குழாயையும் இரண்டு முனையிலும் விரல் விட்டுப் பார்த்தார் என்று டிரைவர்கள் சொன்னார்கள்.

அத்தை இறந்து வெகுநாள் கழித்து ஒரு நாள் நானே பட்டறைக்குப் போனேன். வண்டி எதுவும் நிற்கவில்லை. அவர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த மலையில அவிய சத்தம் போட்டிருப்பாவளா? யாரையாவது கூப்பிட்டிருப்பாவளா?"

அவர் யோசித்தார். ஆறுதலுக்காக எதையாவது சொல்லியிருக்கலாம். என் பேரைச் சொல்லியிருப்பார் என்றோ, பிள்ளையைக் கூப்பிட்டிருப்பார் என்றோ சொல்லியிருக்கலாம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"அது வண்டியில இருக்காது தாயி," என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன் என்பதை அப்போது நான் நினைக்கவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார். அந்த மலைக்குப் பல தடவை போயிருக்கிறார். டீக்கடை, செக்போஸ்ட், வளைவில் குரங்குக்குப் பழம் போடுகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்.

"தாயி, கீழ் வளைவுல ஒரு பொம்பள கொய்யாப்பழம் விக்கா. அன்னைக்கும் அங்கனதான் நின்னிருக்கா. அவளுக்கு நேராத்தான் வண்டி வருது. அவளைப் பாத்துட்டுத்தான் அவன் பாறைப் பக்கம் ஒடிக்கான். அவ காதால கேட்டிருக்கா. அவன் என்ன..."

"சொல்லாதிய," என்றேன்.

அவர் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. சொல்லாதிய."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். கேட்டுவிட்டால் என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் பாக்கி இருக்காது என்று பயந்திருக்கலாம். அண்ணாச்சியின் முகம் அப்படி இருந்ததும் ஒரு காரணம். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அதிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முழுங்கினார். கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க அந்த மனிதர் படுகிற பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. "வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோடை முடிவதற்குள் போய்விட்டார். ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்கள். நான் போயிருந்தேன். வந்திருந்த டிரைவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். அந்தக் கொய்யாப்பழக்காரியைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மகள் இப்போது புனலூரில் நர்சிங் படிக்கிறாள். அவளைப் பார்க்க பஸ்ஸில் அந்த மலை வழியாகத்தான் போகிறேன். புளியரை தாண்டி முதல் ஏற்றத்தில், அந்தக் கீழ் வளைவில் பஸ் மெதுவாகும். கொய்யாக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஜன்னல் ஜன்னலாக வருவாள். என்னைவிட வயதில் மூத்தவள். காதில் பாம்படம் போட்ட துளை தொங்கும்.

போன தடவை என் ஜன்னலுக்கு வந்தாள். "காயா வேணுமா, பழமா வேணுமா?" என்று கேட்டாள். நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவும் கேட்டாள். பழம் என்றேன். ஒன்றைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தாள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவள் பாறைப் பக்கமாக ஒதுங்கி நின்று, அடுத்த வண்டி வருகிறதா என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.